பவர் ஆம்ப்ளிஃபயர் சிதைவு: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

உள்ளீட்டை ஒரு டெசிபல் குறையுங்கள். திரையில் எது எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். பவர் ஆம்ப்ளிஃபயர் சிக்னலைக் கெடுக்கும்போது காரணம் தேட எனக்குத் தெரிந்த சிறந்த சோதனை இதுதான். செலவில்லை, அரை நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனாலும் பலர் எடுத்த எடுப்பில் பயாஸ் (டிரான்சிஸ்டரின் ஓய்வு மின்னோட்டத்தை அமைக்கும்) திருகியைத் தொடுகிறார்கள், இல்லையென்றால் டிரான்சிஸ்டரைக் கழற்றுகிறார்கள். இரண்டுமே தடயத்தை அழித்துவிடும். கோளாறு என்ன என்பதை அந்தச் சர்க்கியூட்டே சொல்லும்; சொல்ல விட வேண்டும்.

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க ஒரு கருவியைக் கையில் எடுத்துக்கொள்வோம். 4ஜி செல்பேசி முறையான எல்டிஇ-யின் 3-ஆம் பட்டையில், அதாவது 1,805 முதல் 1,880 மெகாஹெர்ட்ஸுக்குள், 20 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு சிக்னலைச் சராசரி 20 வாட்டில் அனுப்பும் செல்பேசிக் கோபுர ஆம்ப்ளிஃபயர். 28 வோல்ட் மின்சாரம். கடைசி நிலையில் எல்டிமாஸ் (சிலிக்கான் வகை) அல்லது காலியம் நைட்ரைடு டிரான்சிஸ்டர். மேசையில் ஒரு சிக்னல் ஜெனரேட்டர், அதிர்வெண் வாரியாக ஆற்றலைத் திரையில் காட்டும் ஒரு ஸ்பெக்ட்ரம் அனலைசர், இடையில் சிக்னலைக் குறைக்கும் 40 டெசிபல் அட்டெனுவேட்டர்.

இங்கே சிதைவு ஏன் இவ்வளவு பெரிய தலைவலி? 2ஜி காலத்து ஜிஎஸ்எம் சிக்னலின் வீச்சு மாறாதது. தகவல் முழுவதும் ஃபேஸில் (அலையின் கட்டத்தில்) இருந்தது. ஆம்ப்ளிஃபயரை உச்சத்தில் முட்டவிட்டு ஓட்டினாலும் சிக்னலுக்குப் பெரிய சேதமில்லை. எல்டிஇ-யும் 5ஜி-யும் அப்படியல்ல. தகவலைப் பங்கிட்டுச் சுமக்கும் சிறு அலைகளான நூற்றுக்கணக்கான சப்கேரியர்கள் ஒன்றாகக் கூடும்போது, சில கணங்களில் எல்லாம் ஒரே திசையில் சேர்ந்து சராசரியைவிடப் பத்து டெசிபலுக்கும் மேலே உச்சம் எழும். டிஜிட்டல் பகுதியிலேயே அந்த உச்சங்களைச் செதுக்கிவிட்ட பிறகும் ஏழு, எட்டு டெசிபல் மிஞ்சும். சராசரி 20 வாட் என்றால் உச்சம் 100 வாட்டைத் தாண்டும். அந்த உச்சத்தையும் அடியில் உள்ள மெல்லிய பகுதியையும் ஒரே விகிதத்தில் பெருக்க வேண்டும். எந்த டிரான்சிஸ்டரும் அதைத் தானாகச் செய்வதில்லை.

எதையும் தொடுவதற்கு முன்

வெளியீட்டில் லோடு (ஆற்றலை ஏற்கும் சுமை) இல்லாமல் ஆம்ப்ளிஃபயரை இயக்காதீர்கள். அட்டெனுவேட்டரின் வாட் அளவை உச்சத்தையும் மனத்தில் வைத்துப் பாருங்கள். காலியம் நைட்ரைடு என்றால் முதலில் கேட்டுக்கு (டிரான்சிஸ்டரைக் கட்டுப்படுத்தும் முனை) எதிர்மின்னழுத்தம், அதன் பிறகே டிரெயினுக்கு (மின்சாரம் ஏறும் முனை) 28 வோல்ட். அணைக்கும்போது இதற்கு நேர்மாறாக. இந்த வரிசை தவறினால் சிதைவைப் பற்றிய கவலையே இருக்காது, டிரான்சிஸ்டர் இருக்காது.

அடுத்தது, அளக்கும் கருவியைச் சந்தேகியுங்கள். 20 வாட் என்பது 43 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டிலிருந்து எண்ணும் டெசிபல்). 40 டெசிபல் குறைத்த பிறகும் அனலைசரின் வாசலில் 3 டிபிஎம் வந்து நிற்கும், உச்சத்தில் இன்னும் அதிகம். உள்ளே அதிர்வெண்ணை மாற்றும் மிக்சர் அதைத் தாங்காமல் தன் பங்குக்கு ஒரு சிதைவை உண்டாக்கும். அதுவும் பார்வைக்கு ஆம்ப்ளிஃபயரின் சிதைவைப் போலவே இருக்கும். சோதனை எளிது. அனலைசரின் உள் அட்டெனுவேட்டரை 10 டெசிபல் கூட்டுங்கள். திரையில் சிக்னலின் அளவு அப்படியே இருக்க, பக்கத்துச் சேனலில் தெரியும் கசிவு மட்டும் இறங்கினால், நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தது அனலைசரின் சிதைவு. இரண்டுமே அசையாவிட்டால் ஆம்ப்ளிஃபயர் பக்கம் திரும்பலாம். கசிவு ஏறினால் அட்டெனுவேட்டர் அதிகமாகிவிட்டது, அனலைசரின் இரைச்சல் தளத்தைப் பார்க்கிறீர்கள்.

மூன்றாவது, ஆம்ப்ளிஃபயரை விலக்கிவிட்டு ஜெனரேட்டரையும் டிரைவரையும் (கடைசி நிலைக்கு முந்திய சிறு ஆம்ப்ளிஃபயர்) மட்டும் இணைத்து ஒருமுறை பாருங்கள். உள்ளே போகும் சிக்னலே 45 டெசிபல் சுத்தத்தில் இருந்தால், வெளியே அதைவிடச் சுத்தமாக வருவதற்கு வழியில்லை. இந்தப் படத்தைச் சேமித்து வையுங்கள். கடைசிவரை ஒப்பிட உதவும்.

அறிகுறி: சிக்னலின் இரு பக்கமும் சமமாகத் தோள் எழும்புகிறது

மிகச் சாதாரணமான அறிகுறி இது. 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்குச் செவ்வகமாக நிற்க வேண்டிய சிக்னலின் இரு ஓரமும் சரிந்து, பக்கத்துச் சேனல்களுக்குள் பரவியிருக்கும்; அந்தப் பரவலே தோள். எல்டிஇ கோபுர நிலையங்களுக்கான விதிப்படி பக்கத்துச் சேனலில் விழும் ஆற்றல் குறைந்தது 45 டெசிபல் கீழே இருக்க வேண்டும். திரையில் 35, 36 என்று நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது அந்த ஒரு டெசிபல். உள்ளீட்டைக் குறைத்ததும் சிக்னல் ஒரு டெசிபல் இறங்கும். தோள் மூன்று டெசிபல் இறங்கினால், அதாவது இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் இரண்டு டெசிபல் கூடினால், அது மூன்றாம் படிச் சிதைவு, அதாவது உள்ளீட்டு வீச்சின் மும்மடிக்கேற்ப வளரும் சிதைவு. ஆம்ப்ளிஃபயர் மெல்ல மெல்ல அமுங்கத் தொடங்கும் பகுதியில் ஓடுகிறது. தோள் நாலு, ஐந்து டெசிபல் என்று சரேலென இறங்கினால் உச்சங்கள் கூரையில் முட்டி வெட்டுப்படுகின்றன. தோளும் சிக்னலும் ஒன்றாக ஒரே ஒரு டெசிபல் இறங்கினால் குற்றம் உள்ளே வரும் சிக்னலில்தான். ஆம்ப்ளிஃபயர் அதை நேர்மையாகப் பெருக்கிக் காட்டுகிறது. தோள் அசையவே இல்லை என்றால் அது இரைச்சல் தளம்.

தோளின் அகலமும் பேசும். மூன்றாம் படிச் சிதைவு சிக்னலைப் போல மூன்று மடங்கு அகலத்தை நிரப்பும். 20 மெகாஹெர்ட்ஸ் சிக்னல் என்றால் மொத்தம் 60. ஐந்தாம் படி 100 வரை போகும். அதற்கும் வெளியே தட்டையாக நீண்டுகொண்டே போகும் கசிவு, எங்கோ கடுமையாக வெட்டுப்படுவதன் அடையாளம். அந்த வெட்டு ஆம்ப்ளிஃபயரில்தான் நடக்க வேண்டும் என்பதில்லை. அதற்கு முன்னால் உள்ள டிரைவர் நிலையையும், டிஜிட்டலை அனலாக்காக மாற்றும் சிப்பையும் பாருங்கள். டிரைவர் சிறியதாக இருக்கிறது என்பதாலேயே அதை யாரும் சந்தேகிப்பதில்லை. நான் பார்த்தவற்றில் கணிசமான கோளாறுகளில் கடைசி நிலை நன்றாகவே இருந்தது. அதற்கு முந்திய நிலைதான் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

மூன்றாம் படி என்று உறுதியானால் தீர்வுகள் பல. ஆற்றலைக் குறைப்பது எளிது. அதற்கான விலையைத் திறனில், அதாவது வாங்கும் மின்சாரத்தில் எவ்வளவு சிக்னலாகிறது என்பதில், கொடுக்க வேண்டும். அலையின் பாதியில் மட்டும் டிரான்சிஸ்டர் மின்னோட்டத்தை விடும் பி வகுப்பு ஆம்ப்ளிஃபயர் உச்சத்தில் கோட்பாட்டளவில் 78.5 சதவீதத் திறனில் ஓடும்; ஆறு டெசிபல் கீழே வந்தால் அது சரிபாதியாகி 39 சதவீதத்தில் நிற்கும். மீதி முழுவதும் வெப்பம். இந்த இழப்பை மீட்கத்தான் 1936-இல் பெல் ஆய்வகத்தின் வில்லியம் டோஹர்ட்டி இரண்டு ஆம்ப்ளிஃபயர்களை ஒன்றுக்கொன்று துணையாக இணைத்தார்: ஒன்று எப்போதும் ஓடும், மற்றது உச்சம் வரும்போது மட்டும் விழிக்கும். வானொலி நிலையத்துக்காகப் பிறந்த அந்த அமைப்பு இன்று செல்பேசிக் கோபுரங்களில் நிலைத்துவிட்டது.

ஆற்றலைக் குறைக்க முடியாது என்றால் வரிசை இது: டிரெயின் மின்னழுத்தம் டிரான்சிஸ்டரின் கால் அருகே, சிக்னல் ஓடும்போது, உண்மையிலேயே 28 வோல்ட் இருக்கிறதா என்று ஆசிலோஸ்கோப்பில் பாருங்கள். பவர் சப்ளையின் முகப்பில் 28 காட்டினாலும் நீண்ட மெல்லிய வயரின் மறுமுனையில் உச்சங்களின்போது 26 ஆகியிருக்கலாம். இரண்டு வோல்ட் போனால் கூரை இரண்டு வோல்ட் தாழ்ந்துவிட்டது என்று பொருள். பிறகு உச்சம் செதுக்கும் பகுதியைச் சரிபாருங்கள். அதற்குப் பிறகுதான் பயாஸ், அதற்கும் பிறகுதான் டிஜிட்டல் முன்திருத்தம் (சிதைவுக்கு நேர் எதிராக வளைத்த சிக்னலை முன்கூட்டியே அனுப்புவது).

அறிகுறி: ஒரு பக்கத் தோள் உயரம், மறுபக்கம் தாழ்வு

எனக்கு மிகவும் பிடித்த அறிகுறி இது. காரணம், இது இடத்தையே சுட்டிக் காட்டும்.

இப்போதைய உள்ளீட்டை மட்டும் பார்த்து வெளியீட்டைத் தரும் ஆம்ப்ளிஃபயர் இரு பக்கமும் சமமாகத்தான் சிதைக்கும். சமமில்லை என்றால் அதற்கு நினைவு இருக்கிறது. சற்று முன் நடந்தது இப்போதைய பெருக்கத்தைப் பாதிக்கிறது. அந்த நினைவு பெரும்பாலும் டிரெயினுக்கு மின்சாரம் கொண்டுவரும் பாதையில் குடியிருக்கும். சிக்னலின் வீச்சு நொடிக்குக் கோடிக்கணக்கான முறை ஏறி இறங்குகிறது. டிரெயின் மின்னோட்டமும் கூடவே ஏறி இறங்குகிறது. அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்து மின்னழுத்தம் அசையாமல் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அசையும் மின்னழுத்தம் சிக்னலோடு கலந்து ஒரு பக்கத் தோளைத் தூக்கி, மறுபக்கத்தை அமுக்கும்.

கண்டுபிடிக்க இரட்டைத் தொனிச் சோதனை வேண்டும். எல்டிஇ சிக்னலை அணைத்துவிட்டு, சம அளவில் இரண்டு தனித் தொனிகளை அனுப்புங்கள். இடைவெளியை முதலில் 100 கிலோஹெர்ட்ஸ், பிறகு 1 மெகாஹெர்ட்ஸ், 5, 10, 20, 40 என்று அகட்டிக்கொண்டே போங்கள். ஒவ்வொரு முறையும் மேல் பக்கத்திலும் கீழ்ப் பக்கத்திலும் எழும் மூன்றாம் படித் துணைத்தொனிகளின் உயரத்தைத் தாளில் குறியுங்கள். ஓர் இடைவெளி வரை இரண்டும் கைகோத்து வரும். பிறகு திடீரெனப் பிரியும். 12 மெகாஹெர்ட்ஸில் பிரிகிறது என்றால், மின்பாதை 12 மெகாஹெர்ட்ஸில் தடுமாறுகிறது. 20 மெகாஹெர்ட்ஸ் சிக்னலுக்கு அது போதாது.

மருந்து, அந்தப் பாதையில் உள்ள கெப்பாசிட்டர்கள். இங்கே கண்ணை அருகில் கொண்டுபோக வேண்டும். ஒரு போர்டில் டிரெயின் பாதையின் கால் அலை நீளக் கோடு முடியும் இடத்தில் சின்னஞ்சிறு கெப்பாசிட்டர் சரியாக இருந்தது. 10 மைக்ரோஃபாரட் செராமிக் மட்டும் அங்கிருந்து இரண்டு சென்டிமீட்டர் தள்ளி, ஒரு திருகுத் துளைக்கு அப்பால் இருந்தது. சர்க்கியூட் படத்தில் இரண்டும் ஒரே கோட்டின் மேல், பக்கத்தில் பக்கத்தில். போர்டில் இடையே இரண்டு சென்டிமீட்டர் செம்பு. அந்தச் செம்பே ஓர் இண்டக்டர். கெப்பாசிட்டரை இறக்கிக் கோட்டின் முனையோடு ஒட்டிப் பற்றவைத்து, கிரவுண்ட் பக்கத்தில் கூடுதலாக இரண்டு துளைகளுக்குச் செம்புத் தகடு கொடுத்ததும் இரு தோள்களும் ஒரே மட்டத்துக்கு வந்தன.

இன்னொன்றையும் கவனியுங்கள். செராமிக் கெப்பாசிட்டர்கள் பலவற்றில், மேலே மின்னழுத்தம் ஏற ஏறக் கொள்ளளவு குறையும். 10 மைக்ரோஃபாரட் என்று வாங்கியது 28 வோல்ட்டில் அதில் பாதிகூட இல்லாமல் போகலாம். தயாரிப்பாளரின் வரைபடத்தைப் பார்த்து வாங்குங்கள். 50 வோல்ட்டுக்குப் பதில் 100 வோல்ட் ரகம் பெரும்பாலும் நல்ல தேர்வு.

அறிகுறி: ஆற்றலைக் குறைக்கக் குறைக்கச் சிதைவு கூடுகிறது

ஒரு டெசிபல் சோதனையில் தோள் விகிதம் மேம்படுவதற்குப் பதிலாக மோசமானால், பிரச்சினை உச்சத்தில் இல்லை, அடியில் இருக்கிறது. சிக்னல் மெலிந்திருக்கும் கணங்களில் டிரான்சிஸ்டர் சரியாக விழிக்கவில்லை, பயாஸ் குறைவு. உள்ளீட்டை அணைத்துவிட்டு ஓய்வு மின்னோட்டத்தை அளந்து, தரவுத்தாள் சொல்வதோடு ஒப்பிடுங்கள். டோஹர்ட்டி அமைப்பு என்றால் இரண்டாம் ஆம்ப்ளிஃபயரின் கேட் மின்னழுத்தத்தையும் பாருங்கள்: சீக்கிரம் விழித்தால் திறன் போகும், தாமதமாக விழித்தால் நடுவில் ஒரு பள்ளம் விழும்.

அறிகுறி: ஸ்பெக்ட்ரம் சுத்தம், ஆனால் இவிஎம் மோசம்

தோள்கள் விதிக்குள் இருக்கின்றன. ஆனால் சிக்னலைப் பிரித்துப் பார்த்தால் தகவலைக் குறிக்கும் ஒவ்வொரு புள்ளியும் இருக்க வேண்டிய இடத்திலிருந்து விலகியிருக்கிறது. அந்த விலகலின் அளவே இவிஎம். எல்டிஇ விதியில், நான்கே புள்ளிகள் கொண்ட க்யூபிஎஸ்கே முறைக்கு 17.5 சதவீதம் வரை அனுமதி. 64 புள்ளிகள் கொண்ட 64 க்யூஏஎம்-க்கு 8, 256 புள்ளிகள் கொண்ட 256 க்யூஏஎம்-க்கு 3.5 சதவீதம்தான்.

பாடநூல்களில், இந்தப் புள்ளிகளைக் காட்டும் கான்ஸ்டலேஷன் படத்தின் மூலைப் புள்ளிகள் உள்ளே இழுக்கப்பட்டிருந்தால் ஆம்ப்ளிஃபயர் அமுங்குகிறது என்றும், மூலைகள் சுழன்றிருந்தால் வீச்சுக்கேற்ப ஃபேஸ் மாறுகிறது என்றும் படித்திருப்பீர்கள். ஒற்றைக் கேரியருக்கு அது முழு உண்மை. எல்டிஇ-யில் அந்தப் படத்தை எதிர்பார்த்துக் காத்திருந்தால் ஏமாற்றம்தான். இங்கே உச்சம் என்பது ஏதோ ஒரு சப்கேரியரின் மூலைப் புள்ளியால் வருவதல்ல. எல்லாச் சப்கேரியர்களும் கூடியதால் வருவது. அந்த உச்சத்தை வெட்டினால் சேதம் எல்லாச் சப்கேரியர்களுக்கும் சிறிது சிறிதாகப் பங்கிடப்படும். ஆகவே மூலை, நடு என்ற பேதமின்றி எல்லாப் புள்ளிகளும் சமமாகப் பஞ்சுபோல் உப்பியிருக்கும். இரைச்சலும் அப்படித்தான் தெரியும். புதிதாக வருபவர்கள் இந்த இடத்தில் தடுமாறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

எப்படிப் பிரித்தறிவது? கான்ஸ்டலேஷனை விட்டுவிட்டு, உள்ளீட்டு வீச்சுக்கு எதிராக வெளியீட்டு வீச்சையும் ஃபேஸையும் வரையுங்கள். ஆம்ப்ளிஃபயர் குற்றவாளி என்றால் மேல் முனையில் கோடு வளைந்திருக்கும். நேராகவும் மெல்லியதாகவும் இருந்தால் ஆம்ப்ளிஃபயரை விட்டுவிடுங்கள். கோடு நேராக, ஆனால் தடிமனாக இருந்தால் இரைச்சல், நினைவு, ஆசிலேட்டரின் (அலையை உண்டாக்கும் பகுதி) ஃபேஸ் நடுக்கம் ஆகியவற்றில் ஒன்று.

இவிஎம்-ஐச் சப்கேரியர் வாரியாகவும் வரையுங்கள். இரு ஓரங்களில் மட்டும் ஏறினால் ஏதோ ஒரு ஃபில்டர் ஓரத்தை அரிக்கிறது. நட்டநடுவில் மட்டும் ஏறினால் மாடுலேட்டரின் (தகவலை அலையில் ஏற்றும் பகுதி) டிசி கசிவைப் பாருங்கள். எல்லா இடத்திலும் சமமாக உயர்ந்து, ஒரு டெசிபல் குறைத்தாலும் அசையவில்லை என்றால் உச்சம் செதுக்கும் பகுதி அளவுக்கு மீறிச் செதுக்குகிறது. நல்ல செதுக்கி தன் சேதத்தைச் சேனலுக்கு வெளியே போக விடாது. அதனால்தான் ஸ்பெக்ட்ரம் சுத்தமாக இருக்க, இவிஎம் மட்டும் கெடுகிறது.

அறிகுறி: முதலில் நன்றாக இருக்கிறது, போகப்போகக் கெடுகிறது

நேர அளவைப் பாருங்கள். பத்து நிமிடத்தில் கெடுகிறதா, சில மில்லிநொடியில் கெடுகிறதா?

நிமிடக்கணக்கு என்றால் வெப்பம். எல்டிமாஸில் கேட் மின்னழுத்தம் மாறாமல் இருந்தாலும் சூடு ஏற ஏற ஓய்வு மின்னோட்டம் ஏறும். அதை ஈடுசெய்ய பயாஸ் பகுதியில் வெப்பத்தை உணரும் ஒரு டயோடோ தெர்மிஸ்டரோ இருக்கும்; அது டிரான்சிஸ்டருக்கு அருகே, அதே உலோகத் தகட்டைத் தொட்டுக்கொண்டு இருக்கிறதா? போர்டின் குளிர்ந்த மூலையில் இருந்தால் அதற்கு எதுவும் தெரியாது. டிரான்சிஸ்டரைக் கழற்றி அடியில் உள்ள வெப்பப் பசையைப் பாருங்கள். இரு திருகுகளில் ஒன்றை முழுவதும் முறுக்கிவிட்டு மற்றதைப் பிறகு முறுக்கியிருந்தால், பசை ஒரு பக்கம் தடிப்பாகவும் மறுபக்கம் ஒன்றுமில்லாமலும் இருக்கும். அந்தத் தடம் தெளிவாகக் கண்ணுக்குத் தெரியும். இரண்டையும் மாறி மாறி, சிறிது சிறிதாக முறுக்க வேண்டும்.

மில்லிநொடிக்கணக்கு என்றால், அதுவும் காலியம் நைட்ரைடு என்றால், எலக்ட்ரான்கள் பொறியில் சிக்கிக்கொள்கின்றன. பெரிய உச்சம் ஒன்று கடந்ததும் சில எலக்ட்ரான்கள் படிகத்தின் குறைகளில் மாட்டிக்கொண்டு, டிரான்சிஸ்டரின் மின்னோட்டத்தை இறக்கிவிடும். அவை மெதுவாகத்தான் விடுபடும். உச்சத்துக்கு அடுத்து வரும் மெல்லிய பகுதியில் பெருக்கம் குறைந்திருக்கும். உள்ளீட்டைச் சட்டென்று தாழ்த்தி, அனலைசரை ஒரே அதிர்வெண்ணில் நிறுத்தி நேரத்துக்கு எதிராகப் பாருங்கள்: பெருக்கம் கீழிருந்து மெல்ல மேலேறும் வளைவு தெரிந்தால் இதுதான். ஓய்வு மின்னோட்டத்தைச் சற்று உயர்த்துவது ஓரளவு உதவும். மீதியை நீண்ட நினைவுள்ள முன்திருத்த மாதிரியால்தான் சரிசெய்ய முடியும்.

அறிகுறி: சிக்னலோடு சம்பந்தமில்லாத ஊசிகள்

உள்ளீட்டை முழுவதும் துண்டியுங்கள், ஐம்பது ஓம் லோடால் மூடுங்கள். ஊசி இன்னும் நிற்கிறதா? அப்படியானால் ஆம்ப்ளிஃபயர் ஆசிலேட்டராக மாறிவிட்டது. சிக்னல் இருக்கும்போது மட்டும் இரு பக்கமும் சம தூரத்தில் ஊசிகள் நின்றால் அந்தத் தூரத்தை அளந்து பாருங்கள். நூறு கிலோஹெர்ட்ஸ் வட்டாரத்தில் இருந்தால் பவர் சப்ளையின் சுவிட்ச்சிங் அதிர்வெண்ணாக இருக்கும். சப்ளையை மாற்றினால் ஊசியும் நகரும். சில மெகாஹெர்ட்ஸ் என்றால் பயாஸ் பாதையில் குறை அதிர்வெண் அலைவு. கேட் பாதையில் சில ஓம் ரெசிஸ்டர் போட்டால் பெரும்பாலும் அடங்கும்.

மூடியைத் திறந்து வைத்து மணிக்கணக்கில் சோதித்து, எல்லாம் சுத்தம் என்று மூடித் திருகியதும் ஊசி எழுந்த அனுபவம் எனக்கு உண்டு. அந்தப் பெட்டியின் உள்ளளவு ஓர் அலைக்கு வசதியான அறையாகிவிட்டது. வெளியீட்டின் ஒரு துளி மேலே மோதி உள்ளீட்டுக்குத் திரும்பியது. மூடியின் உட்புறம், உள்ளீட்டு நிலைக்கு நேர் மேலே, உறிஞ்சும் ரப்பர்த் தாளை ஒட்டியதும் அடங்கியது. அன்றிலிருந்து கடைசி அளவீட்டை மூடி திருகிய நிலையில்தான் எடுக்கிறேன்.

அறிகுறி: இரண்டு மடங்கு, மூன்று மடங்கு அதிர்வெண்ணில் கசிவு

ஹார்மோனிக்குகள். வெளியீட்டில் உள்ள ஃபில்டர் இதற்காகவே இருக்கிறது. அதன் கனெக்டர்களையும் கிரவுண்டையும் பாருங்கள். அமெச்சூர் வானொலிக்காரர்களுக்கு மட்டும் கூடுதலாக ஒரு செய்தி: எஃப்டி8 போன்ற கணினிவழிச் செய்தி முறைகளில் கணினியிலிருந்து வரும் ஒலி அளவு அதிகமானால், 700 ஹெர்ட்ஸ் தொனியின் ஹார்மோனிக்குகள் 1,400-இலும் 2,100-இலும் பிறக்கும். இரண்டும் ஃபில்டரின் உள்ளேயே விழுவதால் அதனால் தடுக்க முடியாது. தொனியை 1,500 ஹெர்ட்ஸுக்கு மேல் வையுங்கள், ஒலி அளவைக் குறையுங்கள்.

அறிகுறி: டிஜிட்டல் முன்திருத்தம் போட்டதும் இன்னும் மோசமாகிறது

1927 ஆகஸ்டில் ஹட்சன் ஆற்றைப் படகில் கடக்கும்போது பெல் ஆய்வகத்தின் ஹாரல்டு பிளாக், கையிலிருந்த நியூயார்க் டைம்ஸ் தாளில் எதிர்ப்பின்னூட்டத்தின் படத்தை வரைந்தார். வெளியீட்டைத் திருப்பிக் கொண்டுவந்து பிழையைக் கழிக்கும் அந்த அழகான வழி, பல மெகாஹெர்ட்ஸ் அகலச் சிக்னலுக்கு இந்த அதிர்வெண்களில் ஒத்துவருவதில்லை. வெளியீடு திரும்பி வந்து சேர்வதற்குள் சிக்னல் மாறிவிடுகிறது. ஆகவே இன்று ஆம்ப்ளிஃபயரின் வளைவைக் கற்றுக்கொண்டு, நேர் எதிராக வளைத்த சிக்னலை முன்கூட்டியே அனுப்புகிறோம். அதுதான் முன்திருத்தம். சரியாக அமைந்தால் பக்கத்துச் சேனல் கசிவு 15, 20 டெசிபல் இறங்கும். சரியாக அமையாதபோது காரணத்தை இந்த வரிசையில் தேடுங்கள்.

முதலில் நேரப் பொருத்தம். அனுப்பிய சிக்னலையும் திரும்பிவந்த சிக்னலையும் ஒப்பிட்டுத்தான் வளைவு கற்கப்படுகிறது. நொடிக்கு 122.88 மெகா மாதிரிகள் (சாம்பிள்கள்) வேகத்தில் ஒரு மாதிரி 8.14 நானோநொடி. முழு மாதிரி அளவுக்குப் பொருத்தினால் போதாது. அதன் பின்னத்துக்கும் பொருத்த வேண்டும். பொருத்தம் தவறினால் வீச்சுக்கு எதிரான படம் மெல்லிய கோடாக இல்லாமல் ஒரு வளையமாக உப்பும். வளையத்தைப் பார்த்தவுடன் வேறெதையும் தேடாதீர்கள்.

அடுத்து அகலம். மூன்று மடங்கு, ஐந்து மடங்கு பரவும் சிதைவைக் கற்க, திரும்பிவரும் பாதை அவ்வளவு அகலமாக இருக்க வேண்டும். திருத்திய சிக்னலும் அவ்வளவு அகலமானது, ஆகவே போகும் பாதையும் அப்படியே. இடையில் 40 மெகாஹெர்ட்ஸ் அகல ஃபில்டர் ஒன்று இருந்தால் திருத்தத்தின் பாதியை அது தின்றுவிடும்.

பிறகு, எல்லாவற்றையும்விட முக்கியமானது, பெருக்க அளவுகோல். முன்திருத்தம் உச்சங்களை உயர்த்தி அனுப்புகிறது. மெல்லிய சிக்னலுக்குக் கிடைக்கும் பெருக்கத்தை இலக்காக வைத்தால், அமுங்கிய உச்சத்தையும் அந்த அளவுக்குத் தூக்க முயலும். ஆம்ப்ளிஃபயர் இன்னும் ஆழமாக அமுங்கும். அடுத்த சுற்றில் இன்னும் தூக்கும். இரண்டு மூன்று சுற்றுகளில் எல்லாம் கைமீறிப் போகும். டிரெயின் மின்னோட்டம் சுற்றுக்குச் சுற்று ஏறுவதைக் கண்டால் உடனே நிறுத்துங்கள். இலக்கை உச்சத்தில் கிடைக்கும் பெருக்கத்துக்கு இறக்குங்கள், உச்சத்துக்கு ஒரு கூரை வையுங்கள். ஆம்ப்ளிஃபயரால் தர முடியாத ஆற்றலை எந்தக் கணக்காலும் வரவழைக்க முடியாது.

கடைசியாக, முன்திருத்தத்துக்கான கணித மாதிரியின் அளவு. படிகளையும் நினைவின் ஆழத்தையும் கூட்டிக்கொண்டே போவது உதவாது. கணக்கு நிலைகுலைந்து எண்கள் பெருத்துவிடும். ஏழாம் படி, மூன்று சாம்பிள் நினைவு என்று தொடங்கி, தேவையானால் மட்டும் ஏற்றுங்கள்.

அறிகுறி: அனுப்பும்போது நம் ரிசீவரிலேயே இரைச்சல் ஏறுகிறது

3-ஆம் பட்டையில் 1,805-இலும் 1,880-இலும் இரண்டு கேரியர்கள் என்று வையுங்கள். 1,805-ஐ இரட்டித்து 1,880-ஐக் கழித்தால் 1,730. அதே பட்டையின் செல்பேசிகள் பேசுவது 1,710 முதல் 1,785 வரை. சிதைவு நேராக நம் காதில் விழுகிறது. ஆம்ப்ளிஃபயரிலிருந்து வருவதை, அனுப்புவதையும் பெறுவதையும் பிரிக்கும் டூப்ளெக்சர் ஃபில்டர் தடுத்துவிடும். ஆனால் ஃபில்டருக்கு அப்பால் தளர்ந்த கனெக்டர், துருப்பிடித்த போல்ட், உள்ளே விழுந்த உலோகத்தூள் எதுவும் இதே கலப்பைச் செய்யும். ஒரு டெசிபல் சோதனையில் இது மூன்று டெசிபலுக்குச் சற்றுக் குறைவாகவே இறங்கும். கனெக்டர் ஒவ்வொன்றையும் திருப்புளியின் பிளாஸ்டிக் கைப்பிடியால் மெல்லத் தட்டிக்கொண்டே ரிசீவர் இரைச்சலைப் பாருங்கள். தட்டும்போது எது துள்ளுகிறதோ அதைக் கழற்றி, துடைத்து, முறுக்கு அளக்கும் ஸ்பேனரால் சரியான அளவுக்கு இறுக்குங்கள்.

அறிகுறி: மேசையில் சரி, கோபுரத்தில் ஏறியதும் கெடுகிறது

மேசையில் இருந்த டம்மி லோடு துல்லியமான ஐம்பது ஓம். மேலே இருக்கும் ஆன்டெனா அப்படியல்ல. திரும்பிவரும் அலை டிரான்சிஸ்டரின் லோடை மாற்றுகிறது, கூரையின் உயரமும் அதோடு மாறுகிறது. இதைக் கீழேயே சோதித்துவிடலாம். ஆம்ப்ளிஃபயருக்கும் அந்த ஆன்டெனாவைப் போலவே சற்றுப் பொருந்தாத லோடுக்கும் இடையில் ஒரு கால் அலை நீளக் கேபிள் துண்டைக் கூட்டுங்கள்: 1,840 மெகாஹெர்ட்ஸில், சாதாரண டெஃப்லான் கேபிளில், ஏறக்குறைய 28 மில்லிமீட்டர். திரும்பிவரும் அலையின் அளவு மாறாது, ஃபேஸ் மட்டும் நேர் எதிராகும். தோள்கள் மேலும் கீழும் போனால் ஆம்ப்ளிஃபயர் லோடுக்கு மசிகிறது. வெளியீட்டில், திரும்பிவரும் அலையை வேறு முனைக்குத் திருப்பிவிடும் ஐசொலேட்டர் இருக்க வேண்டிய இடம் இது. ஏற்கெனவே இருந்தால், அதன் மூன்றாம் முனையில் உள்ள ஐம்பது ஓம் ரெசிஸ்டரை மீட்டரில் அளந்து பாருங்கள். வெந்து திறந்துபோயிருந்தால் அதை மாற்றிவிட்டு, அதே 28 மில்லிமீட்டர் துண்டோடும் துண்டில்லாமலும் மறுபடி அளந்த பிறகே மேலே அனுப்புங்கள்.